'தெரியாது' என்று சொல்லத் தெரிந்த தபால்காரர்: ஒரு எஸ்எம்பிபி டிரான்ஸ்போர்ட்டைத் திரும்பக் கட்டிய கதை

காலை ஏழு மணிக்கு ஆய்வுகூடத்தின் கதவைத் திறக்கும்போதே கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அம்மா மகனோடு ஓட்டோவில் வந்து வாசலில் காத்திருந்தார். முதல் நாள் இரவு அவருடைய போனுக்கு "உங்கள் பரிசோதனை அறிக்கை தயார். வைத்தியரைச் சந்திக்கவும்" என்ற ஒரே செய்தி ஐந்து தடவை போயிருந்தது. முகப்பில் இருந்த அக்காவிடம் மகன் சொன்னது இது: "இத்தின தரம் அனுப்பியிருக்கிறீங்கள் எண்டா ஏதோ பெரிய வருத்தம் எண்டுதானே அக்கா நினைப்பம். அம்மா இரவு முழுக்க நித்திரை கொள்ளேல்லை." அறிக்கையில் ஒன்றும் இல்லை, எல்லா அளவும் சரியாகத்தான் இருந்தது.

அந்தச் செய்தியை அனுப்பிய நிரலை எழுதியவர்களில் நானும் ஒருவன். வெள்ளவத்தையில் இருக்கிற எங்கள் சிறிய கந்தோருக்கு அக்கா போன் எடுத்துச் சொன்னபோது முதலில் வலையமைப்பின் பிழையாக இருக்கும் என்றுதான் நினைத்தோம். பதிவுகளை எடுத்துப் பார்த்தால், ஐந்து தடவையும் அனுப்பியது நாங்கள்தான்.

நடந்தது இதுதான். எங்கள் வெப் செயலி நேரடியாகவே தொலைபேசி நிறுவனத்தின் செய்தி மையத்தோடு எஸ்எம்பிபி (கணினிகள் குறுஞ்செய்திகளைக் கைமாற்றிக்கொள்கிற புரோட்டோகால்) இணைப்பு வைத்திருந்தது. உள்ளே 'அனுப்பு' என்று ஒரு சார்பு (ஃபங்ஷன்), அது 'ஆம்' அல்லது 'இல்லை' என்று திருப்பித் தரும். பத்து விநாடிக்குள் பதில் வராவிட்டால் 'இல்லை'. 'இல்லை' என்றால் திரும்ப அனுப்பு, மொத்தம் ஐந்து தடவை வரை. அன்று இரவு செய்தி மையம் மெதுவாக இருந்தது, ஒவ்வொரு பதிலும் பன்னிரண்டு, பதினைந்து விநாடி கழித்தே வந்தது. செய்தி போயிருக்கிறது, அங்கே ஏற்றுக்கொண்டும் இருக்கிறார்கள், பதில் வந்தபோது எங்கள் நிரல் அந்த வரிசை எண்ணை ஏற்கனவே மறந்துவிட்டது, 'யாருடையதோ' என்று தூக்கி எறிந்துவிட்டு அடுத்த பிரதியை அனுப்பிக்கொண்டிருந்தது.

எஸ்எம்பிபியோடு பழக்கம் இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். அயர்லாந்தின் ஆல்டிஸ்கான் என்ற நிறுவனத்தில் பிறந்த நெறிமுறை இது. நாங்கள் பாவிப்பது 1999இல் வெளிவந்த 3.4ஆவது பதிப்பு, 2003இல் 5.0 வந்தபிறகும் இன்னும் எங்கும் அதிகம் ஓடுவது 3.4தான். டிசிபி (இணையத்தின் அடிப்படை இணைப்பு முறை) இணைப்பு ஒன்றைத் திறந்து, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து 'பைண்ட்' செய்துவிட்டால், அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் பொதிகளைப் பரிமாறிக்கொள்ளலாம். ஒவ்வொரு பொதியின் தலையிலும் 16 பைட், நாலு நாலாக: மொத்த நீளம், கட்டளை, நிலை, வரிசை எண். 'இருக்கிறாயா?' என்று கேட்கிற என்குவயர் லிங்க் பொதியை அப்படியே ஹெக்ஸில் (பதினாறை அடியாக வைத்து எண் எழுதும் முறை) எழுதினால்:

00 00 00 10 00 00 00 15 00 00 00 00 00 00 00 07

முதல் நாலு பைட்டில் இருக்கிற 10 ஹெக்ஸ் என்பதால் 16, அதாவது தலை மட்டும்தான், உடல் இல்லை. 15 கட்டளை. அடுத்த நாலும் வெறும் பூச்சியம். கடைசி 7 நாங்கள் கொடுத்த வரிசை எண். செய்தி மையம் அதே 7ஐப் போட்டுப் பதில் அனுப்ப வேண்டும். செய்தி அனுப்புகிற சப்மிட் கட்டளையின் எண் 4, அதன் பதில் 80000004. பதில்கள் அனுப்பிய ஒழுங்கில் வரவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எது எதற்கான பதில் என்று சொல்ல வரிசை எண் ஒன்றை விட்டால் வேறு ஆதாரம் கிடையாது, நாங்கள் அதைத்தான் பத்து விநாடியில் மறந்துகொண்டிருந்தோம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஒரே செய்தியை இரண்டாம் தடவை சப்மிட் செய்தால் 'இது முன்னரே வந்தது' என்று கண்டுபிடித்து ஒதுக்குவதற்குச் செய்தி மையத்துக்கு எந்தக் கடமையும் இல்லை. ஒவ்வொரு சப்மிட்டும் புதுச் செய்தி. அப்படியானால் பதில் வரவில்லை என்ற நிலையில் நேர்மையாகச் சொல்லக்கூடிய விடை 'போகவில்லை' அல்ல, 'போனதா இல்லையா என்று எனக்குத் தெரியாது'. ஆம், இல்லை என்ற இரண்டு சொல்லை மட்டும் கொடுத்து ஒரு நிரலைப் பேசச் சொன்னால் மூன்றாவது நிலையில் அது பொய்தான் சொல்லும். எங்கள் பிழை பத்து விநாடி என்ற எண்ணில் இல்லை. அதை முப்பதாக்கியிருந்தால் இதே சம்பவம் இன்னொரு இரவுக்குத் தள்ளிப் போயிருக்கும், அவ்வளவுதான். பிழை அந்தச் சார்பு திருப்பித் தருகிற விடையின் வடிவத்தில் இருந்தது. இந்த எழுத்தில் மற்றதெல்லாம் மறந்தாலும் இது மட்டும் மறக்க வேண்டாம் என்று விரும்புகிறேன், ஏனென்றால் ஆம் இல்லை என்று மட்டும் பேசுகிற இந்தச் சார்பை நான் வேலை செய்த எல்லா இடங்களிலும் பார்த்திருக்கிறேன்.

சரி, திரும்பக் கட்டுவோம் என்று உட்கார்ந்தோம். டிரான்ஸ்போர்ட்டை, அதாவது செய்தியை வெளியே கொண்டுபோய்க் கொடுக்கிற பகுதியை, தனியாக ஓடுகிற ஒரு புரோசஸ் ஆக்குவது முதல் முடிவு. அதற்கு இந்தச் சம்பவம் மட்டும் காரணமில்லை. வெப் செயலி நாலு வேலையாட்களோடு, அதாவது ஒரே நேரத்தில் ஓடுகிற நாலு பிரதிகளாக, ஓடுகிறது, நாலு பேரும் ஆளுக்கொரு பைண்ட் கேட்பார்கள், எங்களுக்கு அனுமதி இரண்டுக்குத்தான். ஒவ்வொரு தடவை புதுப் பதிப்பு ஏற்றும்போதும் எல்லா இணைப்பும் அறுந்து, பதிலுக்குக் காத்திருந்த செய்திகள் எல்லாம் அந்தரத்தில் நிற்கும். கணக்கு வைக்கிறவர் ஒருவர், கடிதம் கொண்டு போகிறவர் ஒருவர் என்று பிரித்தால்தான் கணக்காளர் மதியச் சாப்பாட்டுக்குப் போனாலும் கடிதம் போகும். அந்தப் புரோசஸுக்குக் கந்தோரில் 'தபால்காரர்' என்று பெயர் வைத்தோம், அந்தப் பெயர் அப்படியே நின்றுவிட்டது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு யுனிக்ஸ் சொக்கெட் (ஒரே கணினியில் இரண்டு புரோசஸ் பேசிக்கொள்கிற வழி), அதில் வரிக்கு ஒரு ஜேசன் (தரவை எழுத்தாகவே எழுதும் வடிவம்). வேறு பெரிய வித்தை ஒன்றும் இல்லை, டெர்மினலில் திறந்து கண்ணால் வாசிக்க முடியவேண்டும் என்பதற்காகவே அதைத் தெரிந்தெடுத்தோம். மூலச் செயலி, அதாவது எங்கள் வெப் செயலி, ஒரு செய்தியையும் அதற்குத் தானே கொடுத்த அடையாள எண்ணையும் தரும். தபால்காரர் முதலில் 'வாங்கிக்கொண்டேன்' என்று சொல்வார், அந்தச் சொல்லுக்கு டிஸ்க்கில் எழுதிவிட்டேன் என்பது மட்டும்தான் பொருள். பிறகு நாலில் ஒன்று வரும்: செய்தி மையம் ஏற்றது, மறுத்தது, நான் இன்னும் வெளியே அனுப்பவே இல்லை, தெரியாது. கடைசி இரண்டையும் பிரித்து வைத்ததுதான் எங்களுக்குப் பிறகு மிகவும் உதவியது. அனுப்பவே இல்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் தரலாம். தெரியாது என்றால் யோசிக்க வேண்டும், அந்த யோசனை தபால்காரருடைய வேலை அல்ல. அதே அடையாள எண் இரண்டாம் தடவை வந்தால் தபால்காரர் புதிதாக அனுப்பமாட்டார், அந்த எண்ணுக்குத் தன்னிடம் இருக்கிற கடைசி நிலையைத் திருப்பிச் சொல்வார்.

தபால்காரர் இதையெல்லாம் எழுதிவைக்கிற குறிப்பேடு எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தில் இருக்கிறது. இங்கே ஒழுங்கு முக்கியம்: 'இதோ அனுப்பப் போகிறேன்' என்று எழுதி, அது டிஸ்க்கில் இறங்கியபிறகே செய்தி மையத்துக்குப் போகிற இணைப்பில் பைட்டுகளை எழுத வேண்டும். மாற்றிச் செய்தால், இரண்டுக்கும் இடையில் புரோசஸ் செத்துப்போனால், போன செய்தி ஒன்றைப் போகாதது என்று நினைத்து உயிர்த்தெழும். எஸ்க்யூலைட்டை வால் (WAL, மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதுவது) முறையில் வைத்து ஒத்திசைவை 'நார்மல்' என்று விட்டால் மின்சாரம் போகும்போது கடைசியாக எழுதியவை சில காணாமல் போகலாம், அதனால் 'ஃபுல்' என்று வைத்தோம். கொஞ்சம் மெதுவாகும். ஒரு ஆய்வுகூடத்தின் செய்திகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தபால்காரர் மீண்டும் எழும்போது 'அனுப்பப் போகிறேன்' என்று எழுதிப் பதில் பதியாத எல்லாவற்றையும் 'தெரியாது' என்று அறிவிப்பார்.

தெரியாததைச் செய்தி மையத்திடமே கேட்டால் என்ன என்று தோன்றும், எங்களுக்கும் தோன்றியது. எஸ்எம்பிபியில் அதற்கு க்வெரி என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஆனால் அது கேட்பது செய்தி மையம் கொடுத்த எண்ணை, அந்த எண் இருப்பதோ எங்களுக்கு வராமல் போன பதிலுக்குள். இரண்டு நாள் இதையே சுற்றிச் சுற்றி வந்தோம்.

அடுத்தது தமிழ். இதை யாரும் விரிவாக எழுதி நான் பார்க்கவில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஒரு குறுஞ்செய்திக்குள் 140 பைட். ஆங்கிலம் ஏழு பிட் எழுத்து என்பதால் 160 எழுத்துப் போகும். தமிழையும் சிங்களத்தையும் யூசிஎஸ்2 குறியீட்டில் அனுப்புகிறோம், எழுத்துக்கு இரண்டு பைட், ஆக 70. நீளமான செய்தியைப் பல துண்டாக்கினால் ஒவ்வொரு துண்டின் முன்னாலும் 6 பைட் தலைப்பு ஏறும், மிச்சம் 67. இந்த 70, 67 எல்லாம் நாம் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்துகள் அல்ல, யூனிகோட் குறிகள். "உங்கள் பரிசோதனை அறிக்கை தயார்." என்பதை எண்ணிப் பாருங்கள். கண்ணுக்கு 16 எழுத்து, மூன்று இடைவெளி, ஒரு முற்றுப்புள்ளி, மொத்தம் 20. குறிகளாக எண்ணினால் 30, ஏனென்றால் புள்ளியும் விசிறியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள். 'கொழும்பு' நாலு எழுத்து, எட்டுக் குறி.

பழைய நிரல் 67 குறி வந்ததும் கத்தியால் வெட்டியது போல வெட்டிவிடும். வெட்டு ஒரு மெய்க்கும் அதன் புள்ளிக்கும் நடுவில் விழுந்தால், துண்டுகளைச் சேர்த்துக் காட்டுகிற போனில் ஒன்றும் தெரியாது, தனித்தனியாகக் காட்டுகிற போனில் இரண்டாவது துண்டு வெறும் புள்ளி வட்டத்தில் தொற்றிக்கொண்டிருக்கிற அந்தப் புள்ளியோடு தொடங்கும். வயதானவர்கள் பலரிடம் இருப்பது அந்த மாதிரிப் பழைய போன். அதனால் 67இலிருந்து பின்னால் நடந்து, அடுத்த துண்டு புள்ளியிலோ உயிர்க்குறியிலோ தொடங்காத இடத்தில், முடிந்தால் ஒரு சொல் முடிகிற இடத்தில் வெட்டுகிறோம். 'க்ஷ'வைப் புள்ளிக்குப் பின்னால் பிரிக்கக்கூடாது. சிங்களத்தில் 'ஸ்ரீ' போன்றவற்றில் கண்ணுக்குத் தெரியாத ஒரு இணைப்புக் குறி நடுவில் இருக்கும், அதன் இரு பக்கமும் வெட்டக்கூடாது. இன்னொரு சின்ன விஷயம், 'சோ' என்பதன் ஓகாரக் குறி ஒற்றைக் குறியாகவும் வரலாம், இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் வரலாம், எழுதுகிற விசைப்பலகையைப் பொறுத்தது. அனுப்புவதற்கு முன் எல்லாவற்றையும் சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள், சில செய்திகள் மூன்று துண்டிலிருந்து இரண்டாகக் குறையும், காசும் மிச்சம்.

துண்டாக்குவது தபால்காரருடைய பொறுப்பு என்று முடிவு செய்ததும் இடைமுகம் திரும்பவும் நெளிந்தது. மூலச் செயலிக்கு அது ஒரு செய்தி, செய்தி மையத்துக்கு மூன்று சப்மிட். இரண்டை ஏற்று மூன்றாவதை மறுத்தால் விடை என்ன? அதனால் ஒவ்வொரு விடையிலும் துண்டு வாரியான நிலை போகிறது. மூன்றில் ஒன்று தெரியாது என்றால் முழுச் செய்தியும் தெரியாது. மறுபடி அனுப்புவதானால் தலைப்பில் இருக்கிற தொடர்பு எண்ணை மாற்றி மூன்றையும் புதிதாக அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் போன் பழைய துண்டையும் புதுத் துண்டையும் கலந்து ஒட்டிவிடலாம்.

அப்புறம் டெலிவரி ரசீது. செய்தி போனில் சேர்ந்ததும் செய்தி மையம் ஒரு ரசீது அனுப்பும், அதற்குள் செய்தி எண் இருக்கும், அதை சப்மிட் பதிலில் வந்த எண்ணோடு பொருத்தினால் முடிந்தது என்றுதான் எழுதினோம். சில ரசீதுகள் பொருந்தின, பல பொருந்தவில்லை. எங்களோடு வேலை செய்கிற யாழ்ப்பாணத்துத் தங்கச்சி பொருந்தாதவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், "அண்ணா, இது ரெண்டும் ஒரே எண்" என்றார். சப்மிட் பதிலில் வந்தது 52190473. ரசீதில் வந்தது 1377371251. முதலாவதை ஹெக்ஸ் என்று எடுத்துத் தசமத்துக்கு மாற்றினால் இரண்டாவது. 3.4 பதிப்பின் பின்னிணைப்பு ரசீதில் எண் தசமத்தில் என்கிறது, சப்மிட் பதிலில் எப்படி என்பதை அந்தந்த மையத்துக்கு விட்டுவிடுகிறது. எழுத்துகள் கலந்த எண் என்றால் உடனே கண்ணில் படும். முழுக்க இலக்கமாக வந்த ஹெக்ஸ் தசமம் போலவே வேஷம் போட்டுக்கொண்டு நிற்கும், பொருந்தியது போலத் தோன்றிய சிலவற்றில் வேறொருவருடைய ரசீது இவருடைய செய்திக்கு ஒட்டியிருந்தது. அதைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்கியது, இது மருத்துவச் செய்தி. இப்போது எந்த மையம் எப்படி எழுதும் என்பது தபால்காரருடைய அமைப்பிலேயே இருக்கிறது, எண்ணோடு போன் இலக்கமும் ஒத்துப்போனால்தான் பொருத்தம்.

செத்த இணைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மின்சாரம் போய் ரவுட்டர் அணைந்தால் டிசிபிக்கு உடனே தெரியாது. நாம் எழுதுவது இயங்குதளத்தின் கர்னல் வைத்திருக்கிற தற்காலிக இடத்தில் (பஃபர்) போய் விழும், எழுதியது வெற்றி என்றே வரும். லினக்ஸின் வழமையான அமைப்பில் அது விடாமல் முயன்று கைவிடுவதற்கு ஏறத்தாழ 924 விநாடி, பதினைந்து நிமிடத்துக்கு மேல். நாங்கள் 30 விநாடிக்கு ஒரு தடவை என்குவயர் லிங்க் அனுப்புகிறோம், பதில் வராவிட்டால் இணைப்பை நாங்களே அறுக்கிறோம், பதிலுக்குக் காத்திருந்தவை எல்லாம் 'தெரியாது' ஆகும். பதில் வராமல் ஒரே நேரத்தில் நிற்கக்கூடிய சப்மிட்டுகள் பத்துக்கு மேல் போகாமல் வைத்திருப்பதும் இதற்காகத்தான், ஒரு அறுந்த இணைப்பு ஒரேயடியாக நூறு செய்தியைச் சந்தேகத்தில் தள்ளக்கூடாது.

'மெதுவாக அனுப்பு' என்று செய்தி மையம் சொல்கிற நிலை எண் ஹெக்ஸில் 58. அது வந்தால் தபால்காரர் தானே வேகத்தைக் குறைப்பார், மூலச் செயலிக்கு அது தெரிய வேண்டியதில்லை. நிறுத்தச் சொல்லி சிக்னல் வந்தால் புதிதாக ஒன்றும் அனுப்பாமல், நிற்கிற பதில்களுக்குக் காத்திருந்து, அன்பைண்ட் சொல்லி வெளியே வருவார். லினக்ஸில் புரோசஸ்களைத் தொடக்கி நிறுத்துகிற சிஸ்டம்டி வழமையாக 90 விநாடி பொறுக்கும், அது போதும்.

பரிசோதிப்பதற்கு ஒரு பொய்ச் செய்தி மையம் எழுதினோம், அந்த வேலைக்கு டிரான்ஸ்போர்ட்டை விட அதிக நாள் போனது, அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அது சப்மிட்டை வாங்கிக்கொண்டு பதில் தராமல் கதவைச் சாத்தும். பதிலை இருபது விநாடி கழித்துத் தரும். பத்தாவதன் பதிலை முதலாவதற்கு முன் தரும். பதில் பொதியின் 16 பைட்டை ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு அனுப்பும், ஏனென்றால் டிசிபி பொதியைப் பொதியாகத் தரும் என்று எங்கள் பழைய நிரல் நம்பியிருந்தது. நடுவில் தபால்காரரை இரக்கமில்லாமல் கொல்லுவோம், எந்த வரியில் செத்தாலும், பொய் மையத்தின் கணக்கையும் தபால்காரரின் குறிப்பேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 'ஏற்றது' என்று எழுதியது ஒவ்வொன்றும் அங்கே இருக்க வேண்டும், 'அனுப்பவில்லை' என்று எழுதியது ஒன்றுகூட அங்கே இருக்கக்கூடாது.

கடைசியில் 'தெரியாது' என்று வருவதை என்ன செய்வது என்பதை நாங்கள் தீர்மானிக்கவில்லை, ஆய்வுகூடத்தில் போய் உட்கார்ந்து அக்காவிடம் கேட்டோம். நாளைக்கு வைத்தியர் வரமாட்டார் என்ற செய்தி இரண்டு தடவை போனாலும் பரவாயில்லை, போகாமல் விட்டால்தான் மருதானையிலிருந்து பஸ் ஏறி வந்தவர் ஏசுவார் என்றார், அதனால் அதைத் திரும்ப அனுப்புகிறோம். அறிக்கை தயார் என்ற செய்தியைத் திரும்ப அனுப்புவதில்லை. ரசீது ஏதாவது அந்த இலக்கத்துக்கு வருகிறதா என்று மூலச் செயலி பத்து நிமிடம் பார்க்கும், வராவிட்டால் முகப்புத் திரையில் அந்தப் பெயர் மஞ்சளில் ஏறும், அக்கா போன் எடுத்துக் கேட்பார்.

போன மாதம் ஒரு பின்னேரம் மழைக்கு மின்சாரம் போய்த் திரும்ப வந்தபோது திரையில் மூன்று மஞ்சள். நான் அப்போது அங்கேதான் நின்றேன். அக்கா மூன்று பேருக்கும் எடுத்தார். இரண்டு பேர் செய்தி வந்துவிட்டது என்றார்கள். மூன்றாமவருக்கு வரவில்லை. "இல்லையம்மா, ஒரு பிரச்சினையும் இல்லை, றிப்போர்ட் ரெடி எண்டு சொல்லத்தான் எடுத்தனான், ஆறுதலா வாங்கோ" என்று அக்கா அவரிடம் சொல்லிவிட்டு அந்த வரியை அழித்தார்.